திங்கட்கிழமைத் தண்ணீர்

ஓவன் கதவைச் சாத்தி முள்ளை நூற்றெண்பது டிகிரியில் வைத்தபோது மணி ஒன்பதரை. இனி ஒரு மணி நேரம் அம்சவேணிக்குக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. உள்ளே இரண்டு பீங்கான் கிண்ணங்கள். மூன்றாம் எண் கிண்ணத்தில் கம்பெனியின் சுத்திகரித்த தண்ணீர், இன்று காலை அவளே தொட்டியில் மொண்டது. ஏழாம் எண் கிண்ணத்தில் வேன் டிரைவர் ராக்கியண்ணன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். தண்ணீரெல்லாம் சூட்டுத் தட்டிலேயே வற்றிவிட்டது. அடியில் ஒட்டியிருக்கும் உப்பு காய வேண்டும், காய்ந்தது ஆற வேண்டும், ஆறியதை நிறுக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தச் சாயச்சாலையில் கெமிஸ்டாகச் சேர்ந்து பதினோரு வருஷமாகச் செய்கிற வேலை. இதற்குப் போய் எதற்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொள்கிறது என்று தன்னையே கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது, கேட்டவுடன் இன்னும் கொஞ்சம் வேகமாக அடித்துக்கொண்டது. பதினொன்றரைக்கு மாடி ஹாலில் கையெழுத்து. பனியன் வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த படிவத்தில், சாயத்தண்ணீர் எங்கள் எல்லையைத் தாண்டுவதில்லை, சுத்திகரித்த தண்ணீரில் இருக்கும் உப்பு இவ்வளவு, நாளும் நேரமும் இது என்ற வரிகளை நிரப்பிக் கெமிஸ்ட் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி போட்டால் செல்லாது, மேனேஜர் போட்டால் செல்லாது, அவள்தான் போட வேண்டும். படித்த படிப்புக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று கல்லூரியில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி என்று பெயருக்குப் பின்னால் எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

எல்லாம் அந்த பாட்டிலால் வந்தது. இல்லை, பாட்டில் என்ன செய்யும். காலை ஏழே முக்காலுக்கு ஆட்களை இறக்கிவிட்டு ராக்கியண்ணன் லேப் வாசலில் வந்து நின்றார், செருப்பை வெளியே விட்டுவிட்டு. சாமி சன்னதிக்கு வருகிற மாதிரிதான் அவர் லேபுக்கு வருவார். கையில் இரண்டு லிட்டர் பாட்டில். “மேடம், இந்தத் தண்ணியக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங். பால ஊத்துனா டீ திரிஞ்சு போகுது. சோறு மஞ்சளா வேகுது. நாங்க கெழடு கட்டைக, எதையோ குடிச்சுப் பழகிட்டோமுங்க. பொண்ணு பேறுகாலத்துக்கு வந்திருக்குது. வந்த நாள்ல இருந்து வயித்தால போகுதுங்க. டாக்டரம்மா மாத்தர குடுத்தாங்க, நிக்க மாட்டீங்குது.” எத்தனை நாளாக என்று கேட்டாள். “ஒரு மாசமாச்சுங்க. இடுப்பு எலும்பெல்லாம் தெரியுது புள்ளைக்கு.” அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. போகும்போது திரும்பி நின்று ஒரு வார்த்தை சொன்னார். “நம்ம கம்பெனித் தண்ணி வெளிய வர்றதில்லீன்னு கேட்டுல போர்டே வெச்சிருக்குதுங்களே, அதனால நம்முளுது இல்லீங்க. மேக்கால எவனோ பட்டறைக்காரன் ராவோட ராவா தொறந்து உடறானாட்டத் தெரியுது. நீங்க பாத்தீங்கன்னா கண்டுபுடிச்சிருவீங்க.” அந்த போர்டு பச்சைப் பலகை. மேலே ஒரு இலை, இலையின் நுனியில் ஒரு சொட்டு. ‘ஒரு சொட்டுக் கழிவுநீரும் எங்கள் எல்லையைத் தாண்டுவதில்லை.’ அந்த வாக்கியத்தை எழுதியது யார் என்று ராக்கியண்ணனுக்குத் தெரியாது. எழுதியவளிடமே பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். வேனை ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் அதை அவள் மட்டுமா எழுதினாள்? இங்கேதான் அவள் மனசு ஒவ்வொரு முறையும் தடுக்கி விழும், முள் குத்திய இடத்தையே கை போய்த் தடவுகிற மாதிரி. எட்டு மாதத்துக்கு முன்னால் சுற்றுச்சூழல் அறிக்கைக்கு அவள் எழுதிக் கொடுத்தது வேறு. ‘உப்புநீரை ஆவியாக்கும் இயந்திரம் ஐப்பசியிலிருந்து பழுது. மிச்ச உப்புநீர் பின்புறக் குட்டையில் தேக்கப்படுகிறது.’ இரண்டே வரி, உள்ளது உள்ளபடி. முதலாளி குழந்தைவேலு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். பேனாவைத் தொடவே மாட்டார் அவர், சட்டைப்பையில் எப்போதும் பென்சில்தான், கூடவே ஒரு ரப்பர். ‘பழுது’ என்ற வார்த்தையின் கீழே மெதுவாக ஒரு கோடு. “இந்த வார்த்தை கொஞ்சம் கசக்குதுங்கம்மணி. வேற எப்படிச் சொல்லலாம்னு நீங்களே பாருங்களேன், நீங்க படிச்சவங்க.” பழுது ‘பராமரிப்பில் உள்ளது’ ஆயிற்று. அடுத்த தடவை ‘பராமரிப்பு’க்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கேள்விக்குறி. ‘தற்காலிகமாக’ வந்து சேர்ந்தது. அதற்கடுத்து ‘குட்டை’யின் கீழே கோடு, குட்டை போய் ‘பாதுகாப்பான தேக்கம்’ வந்தது. அதற்கும் அடுத்து, “வாசிக்கறவங்களுக்கு எதுக்குங்கம்மணி வீண் பயம்? தேக்கம்னாலே ஏதோ அணை ஒடையற மாதிரி இருக்குது.” தேக்கமும் போயிற்று. ஏழாவது பிரதியில் இரண்டு வரி இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. வெள்ளையாக விட முடியுமா? அவளே ஒரு வரி எழுதினாள், ஒரு சொட்டும் தாண்டுவதில்லை என்று. படித்துவிட்டு அவர் சிரித்தார். “பாத்தீங்களா, நான் ஒண்ணுமே சொல்லலை. எவ்வளவு அழகா வந்திருக்குது.” உண்மைதான், அவர் ஒன்றுமே சொல்லவில்லை. பாம்பும் சாக வேண்டும் தடியும் உடையக் கூடாது என்பார்களே, அந்த வித்தையில் மனிதர் பெரிய ஆள். தடியைக் கையிலேயே எடுக்க மாட்டார். அந்த வரி அப்படியே கேட் பலகைக்கும் போயிற்று. அச்சுக்குப் போன தாளில் பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை, அவள் பெயர் மட்டும் இருந்தது.

மணி ஒன்பது ஐம்பது. முள் நூற்றெண்பதிலேயே நின்றது. ஓவனிலிருந்து காய்ந்த மண்வாசனை வருகிற மாதிரி இருந்தது. உப்புக்கு வாசனை கிடையாது, மனப்பிரமை. மூன்றாம் எண் கிண்ணத்தை எதற்கு வைத்தாய் என்று மனசு கேட்டது. கிணற்றுத் தண்ணீரை மட்டும் பார்த்திருக்கலாம். யார் உன்னைத் தொட்டிக்குப் போய் மொள்ளச் சொன்னது, அதுவும் வியாழக்கிழமையில்? ஏழு வருஷத்தில் ஒரு வியாழக்கிழமையும் அவள் அந்தத் தொட்டியில் மொண்டதில்லை. திங்கட்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை சாயம் ஓடாது. சனிக்கிழமை சாயங்காலமே தொட்டியைக் கழுவி லாரித் தண்ணீர் நிரப்பிவிடுவார்கள். திங்கள் காலை எட்டு மணிக்குத் தொட்டி மேட்டில் இருக்கும் பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, பொட்டு வைத்த பாட்டிலில் அவள் மொள்ளுவாள். வாட்ச்மேன்கூடக் கையெடுத்துக் கும்பிடுவார். இந்த வழக்கம் எங்கே ஆரம்பித்தது? ஏழு வருஷத்துக்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்க யாரோ ஆடிட்டர் தற்செயலாக ஒரு திங்கட்கிழமை வந்தார். அன்று உப்பு லிட்டருக்கு நானூற்றெண்பது மில்லிகிராம் வந்தது. முதலாளி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். “திங்கக்கெழம எடுத்தா நல்லா வருதுங்களா அம்மணி?” அவ்வளவுதான், ஒரு கேள்வி. பதில்கூட எதிர்பார்க்கவில்லை. அடுத்த வாரம் பிள்ளையாருக்குப் பூசை என்று அவரே தேங்காய் பழம் கொடுத்துவிட்டார், சோமவாரம் நல்ல நாள் என்று. பூசை போட்டு எடுக்கிற தண்ணீரைப் பொய் என்று யார் சொல்ல முடியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது பழைய காலத்து வேலை. இவர்கள் பூசணிக்காய்க்குப் பொட்டு வைத்துத் திருஷ்டி சுற்றி வாசலிலேயே கட்டிவிட்டார்கள். பாட்டிலுக்குப் பொட்டு வைத்ததும் அவள் விரல்தான். அதை நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மேஜை மேல் இருந்த போன் அடித்தது. மாடியிலிருந்து முதலாளி. “அம்மணி, வேல ஆகுதுங்களா? அவசரமில்லை. பொறுமையாவே வாங்க. படிவத்துல பென்சில்ல லேசாப் போட்டு வெச்சிருக்கறேன், அது மேலயே எழுதிட்டீங்கன்னாப் போதும். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னுட்டு.” சரிங்க சார் என்றாள். அவள் குரல் அவளுக்கே பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலாகக் கேட்டது. சிரமம் வேண்டாமாம். கோபம் வந்தது, வந்த கோபம் நிற்கவில்லை, உடனே அந்த ஆஸ்பத்திரி வராந்தா வந்துவிட்டது. மகன் நித்திலனுக்கு டெங்கு வந்து ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே போன நாட்கள். அவள் கணவர் துபாயில். பிள்ளையின் ஈறில் ரத்தம் கசிந்தபோது பக்கத்தில் யாருமில்லை. முதலாளி தானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார், பின்சீட்டு நிறைய இளநீர். ரத்தம் கொடுக்கக் கம்பெனியிலிருந்து ஆறு பேரை வேனில் அனுப்பினார். வேனை ஓட்டி வந்தது ராக்கியண்ணன். ஐயோ, ஆமாம், ராக்கியண்ணன்தான். அவரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். “என்ற ரத்தத்தையும் எடுத்துப் பாருங், சேந்தா நல்லதுதானுங்களே.” சேரவில்லை, வேறு குரூப். ஆனாலும் மூன்று நாள் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். எதற்கு அதை மறந்தாள்? முதலாளியின் இளநீர் மட்டும் எட்டு வருஷமாக ஞாபகத்தில் குளிர்ந்துகொண்டே இருக்கிறது, இவருடைய துண்டு மறந்துபோயிற்று. இந்த மறதியை யாரும் பென்சிலால் கோடு போட்டுக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள்.

குட்டையைப் பற்றி நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள். முகத்தைக் கழுவியபோது அதுவும் வந்தது. கார்த்திகையில் ஒருநாள் பின்புறம் போய்ப் பார்த்தாள். குட்டைக்கு அடியில் விரித்த கறுப்புத் தார்ப்பாய் மேற்கு மூலையில் கிழிந்து, கிழிசல் வழியாக மண் தெரிந்தது, பாறை வெடிப்பும் தெரிந்தது. வாரம் முழுக்கத் தண்ணீர் விடுகிறார்கள், மட்டம் ஏறவே இல்லை. வெயிலில் காய்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அடைமழைக் காலத்தில் எந்த வெயில். சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் தென்னை, அதற்கப்பால் ஓட்டு வீடு, அது ராக்கியண்ணன் வீடு என்று அன்றைக்கு அவள் யோசிக்கவில்லை. யோசிக்கவில்லையா, யோசிக்காமல் இருந்தாளா? முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் ரப்பரை உருட்டிக்கொண்டே கேட்டார், “அப்படிங்களா? வேற யாராச்சும் பாத்தாங்களா?” இல்லைங்க சார். “பாத்துக்கலாமுங்க.” பார்த்துக்கொள்ளலாம் என்றால் அவர் பார்த்துக்கொள்வாரா, இவள் பார்த்துக்கொள்ள வேண்டுமா, யாரும் பார்க்க வேண்டாமா? வெளியே வந்து மத்தியானச் சோறு சாப்பிட்டாள், அன்றைக்குப் பருப்பு ரசம், நன்றாகத்தான் இருந்தது. வேலையை விட்டால் வேறு வேலை கிடைக்குமா? இந்த ஊரில் முதலாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். ஒரு இடத்தில் பெயர் கெட்டால் எல்லா இடத்திலும் கெட்டது. நித்திலன் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். படிவத்தில் ஒரு நாள், ஒரு எண், ஒரு கையெழுத்து, மூன்று வினாடி வேலை. போட்டுவிட்டுப் பிறகு நிதானமாகக் குட்டையைச் சரி பண்ணச் சொல்லலாம். பிறகு. பிறகு என்ற வார்த்தையும் பென்சில் எழுத்து மாதிரிதான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள், பத்து இருபத்தெட்டு.

இடுக்கியால் கிண்ணங்களை எடுத்து மூடிபோட்ட கண்ணாடிச் சாடிக்குள் ஆறவைத்தாள். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் அவள் கிண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு எங்கும் பார்க்கப் பயமாக இருந்தது. இரண்டிலும் அடியில் வெள்ளைப் படிவு. ஏழாம் எண்ணில் விளிம்பு வரைக்கும். தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தாள், மூச்சு பட்டால்கூட எண் ஆடும். கம்பெனித் தண்ணீர், லிட்டருக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மில்லிகிராம். திங்கட்கிழமைக் கணக்குக்கு ஆறு மடங்கு. கிணறு, நாலாயிரத்து நூற்றிருபது. இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கிணற்றில் உப்பு இருந்தால் அது யார் உப்பு என்று எண்ணுக்குத் தெரியாது, மேற்கே பத்து சாயப்பட்டறை இருக்கிறது. ஆனால் அந்தப் பத்துப் பேரும் துணி சாயம் பிடிக்கப் போடுவது கல்லுப்பு. இவர்கள் மட்டும் கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட். ‘நாங்கள் சாதாரண உப்பைத் தொடுவதில்லை’ என்று அறிக்கையில் அதற்குத் தனிப் பக்கமே உண்டு, அதுவும் அவள் எழுதியதுதான். கிளாபர் உப்பைக் காட்டிக்கொடுக்க ஒரு சொட்டு போதும், தண்ணீர் வெளுத்துவிடும். சோதனைக் குழாயில் ராக்கியண்ணன் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினாள், பேரியம் குளோரைடு சொட்டியைப் பிடித்தாள், ஒரு சொட்டு விழுந்தது. பால் ஊற்றின மாதிரி குழாய் முழுக்க வெளுத்தது. வெளுத்துக் கீழே இறங்கியது. கல்லூரியில் இரண்டாம் வருஷம் அவள் பேராசிரியை சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் வந்தது, அந்தக் காலத்தில் டாக்டர்கள் கிளாபர் உப்பைப் பேதிக்குக் கொடுப்பார்கள் என்று. வகுப்பே சிரித்தது. ஒரு மாதமாக அந்தப் பெண் குடிக்கிறாள். வயிற்றில் பிள்ளையோடு, பேதி மருந்தை, தாகத்துக்குக் குடிக்கிறாள். அம்சவேணி குழாயைத் தாங்கியில் வைத்தாள்.

பதினொன்று இருபதுக்கு மாடிப்படி ஏறினாள். படியில் ராக்கியண்ணன் உட்கார்ந்திருந்தார், அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “மேடம், பாத்தீங்களா? பொண்ணு குடிக்கலாமுங்களா?” அவள் வாயைத் திறந்தாள். “பெருசா பயப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்ண்ணா. கொஞ்சம் உப்பு கூடுதலா இருக்குது. இப்போதைக்கு வேணும்னா...” அங்கேயே நின்றுவிட்டது பேச்சு. யார் பேசுவது இது? கொஞ்சம், இப்போதைக்கு, வேணும்னா, ஒவ்வொரு வார்த்தையும் எங்கேயோ பென்சில் கோடு பட்டுத் திரும்பிவந்த வார்த்தை. முதலாளி மாடியில் இருக்கிறார், படியில் நின்று பேசுவது அவர்தான், அவள் வாயால் பேசுகிறார். எட்டு மாதம் அவர் திருத்தியது அறிக்கையை இல்லை. ராக்கியண்ணன் முகம் தெளிய ஆரம்பித்திருந்தது. “அப்ப குடிக்கலாமுங்களா? நல்லதாப் போச்சுங், நான் மாப்பள வூட்ல சொல்லிர்றேன்.” அந்தத் தெளிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. “இல்லீங்ண்ணா,” என்றாள், குரல் பெரிதாக வந்தது. “குடிக்கக் கூடாதுங்க. ஒரு முழுங்கு கூட வேண்டாம். அது மேக்கால பட்டறைக்காரன் இல்லீங்க. நம்ம குட்டைதானுங்க. அந்த போர்டு பொய்யிங்க, எழுதினது நானுங்க.” அவர் திட்டியிருக்கலாம். அவளைப் பார்த்தார், மூடியிருந்த ஹால் கதவைப் பார்த்தார், பிறகு மடியிலிருந்து வேன் சாவியை எடுத்தார். “புள்ளைய முதல்ல அக்கட்டால எங்கியாச்சும் கூட்டீட்டுப் போறேனுங்க,” என்று சொல்லி இரண்டிரண்டு படியாக இறங்கினார். அவள் மிச்சப் படிகளை ஏறினாள்.

ஹாலில் ஏசி ஓடியது. வெளிநாட்டுக்கார அம்மாள் புன்னகைத்தாள், பக்கத்தில் இருந்தவர் தலையசைத்தார். “வாங்கம்மணி, உக்காருங்க,” என்று முதலாளி நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். படிவம் தயாராக இருந்தது. நாள் என்ற கட்டத்தில் மெல்லிய பென்சிலில் திங்கட்கிழமை, எண் என்ற கட்டத்தில் மெல்லிய பென்சிலில் நானூற்றெண்பது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். மேலே பேனா ஓடிவிட்டால் அடியில் இருந்ததை ரப்பர் பார்த்துக்கொள்ளும். பேனாவைத் திறந்தாள். இப்போது நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை, அதுதான் ஆச்சரியம். பயம் எங்கும் போகவில்லை, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நித்திலன், இளநீர், வராந்தா, துண்டு, பால் மாதிரி வெளுத்த குழாய் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. பென்சில் எழுத்தைத் தொடாமல் அதன் கீழே ஆங்கிலத்தில் எழுதினாள். நாள், வியாழக்கிழமை. நேரம், காலை எட்டு. உப்பு, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். எல்லையைத் தாண்டுவதில்லை என்ற வரியைக் குறுக்கே அடித்து, தாண்டுகிறது, பின்புறக் குட்டை வழியாக, என்று எழுதி, அடியில் முழுப் பெயரையும் போட்டுத் தாளை வெளிநாட்டுக்கார அம்மாள் பக்கம் நகர்த்தினாள். முதலாளி எட்டிப் பார்த்தார். அவர் கை சட்டைப்பைக்குப் போய் ரப்பரை எடுத்தது, எடுத்த பிறகுதான் அது மை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிரிப்பு மாறாமல், குரல் உயராமல், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்:

“அம்மணி, நாள மாத்திப் போட்டுட்டீங்க போலிருக்குது.”

“இல்லீங்க சார். இன்னைக்கு வியாழக்கெழமதானுங்க.”